எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கான விதியைத் திருத்துங்கள்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசிகளில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நீங்கள் வகுத்திருக்கும் விதியைத் திருத்த வேண்டும் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். தனி மனுவாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்த பிறகு அவர்கள் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

2019 செப்டம்பர் 27-ம் தேதி, ஹெல்த் பாலிசிகளில் எவற்றையெல்லாம் விலக்கலாம் என்பதை எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே வாசகமாக்கி வெளியிட்டீர்கள். அதில் எக்ஸ்க்ளூஷன் 06 என்ற குறியீட்டில் உடல் பருமன் வருகிறது. அறுவை சிகிச்சை டாக்டரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும், நோயாளிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. இந்த மூன்றிலும் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. நான்காவது நிபந்தனையில்தான் சிக்கல். பிஎம்ஐ, அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35-க்குக் குறையாமல் இருந்து, கூடவே நான்கு நோய்களில் ஒன்று இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயின் தீவிர நிலை, கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை நோய். அதற்கும் முன்னால், அறுவை இல்லாத வழிகளில் எடையைக் குறைக்கப் பார்த்து அது பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

இந்த விதி வந்ததே ஒரு முன்னேற்றம்தான், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. அதற்கு முன் எத்தனையோ பாலிசிகளில் உடல் பருமன் தொடர்பான எந்தச் சிகிச்சைக்கும் பணம் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்தக் கதவைத் திறந்தது நீங்கள்தான். திறந்த கதவு எங்கள் உடம்புக்கு அளவெடுக்காமல் வைத்ததாக இருக்கிறது என்பதுதான் என் குறை.

என் தங்கையின் விஷயத்தைச் சொன்னால் புரியும். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். உயரம் 150 சென்டிமீட்டர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை ஏறிக்கொண்டே போனது. தைராய்டு, சினைப்பையில் நீர்க்கட்டி, அப்புறம் சர்க்கரை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். முழங்கால் வலியில் பஸ் படி ஏறவே யோசிப்பாள். கோவையில் அவளைப் பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர், ஸ்லீவ் எனப்படும் ஆபரேஷன் செய்யலாம் என்றார். வயிற்றில் சின்னத் துளைகள் வழியாக இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போல ஆக்குவது அது. இரைப்பை சிறிதாவது மட்டும் அல்ல, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் போய்விடுவதால் பசியே குறைகிறது என்று படம் போட்டு விளக்கினார். அன்று அவள் எடை 83 கிலோ, பிஎம்ஐ கிட்டத்தட்ட 36.9.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதி மறுக்கப்பட்டது. கம்பெனி சொன்ன காரணங்கள் இரண்டு. அந்த இரண்டையும் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் காரணம், அவளுடைய சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.9 வந்திருந்தது. பொதுவாக 7-க்குக் கீழே இருந்தால் நல்ல கட்டுப்பாடு என்பார்கள், அது சரிதான். ஆனால் அந்த 6.9 எப்படி வந்தது? காலையும் இரவும் இன்சுலின் ஊசி, அதோடு மாத்திரைகள், சோற்றை ஒரு கரண்டிக்குக் குறைத்தது, இத்தனையும் சேர்ந்து வந்தது. இன்சுலின் அளவு ஏற ஏற எடையும் ஏறியது. எடை ஏறினால் இன்சுலினை இன்னும் கூட்ட வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரத்தான் ஆபரேஷன். ஊசியை ஒழுங்காகப் போட்டு, டாக்டர் சொன்னபடி நடந்துகொண்ட நோயாளிக்குப் பணம் இல்லை. ஊசியை விட்டுவிட்டு சர்க்கரையை 10-க்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் இதே விதியின்படி தகுதி கிடைத்திருக்கும். எங்கள் அம்மா சர்க்கரையால் சிறுநீரகம் போய், டயாலிசிஸில் இருந்து இறந்தவர். சர்க்கரை கட்டுப்படாமல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொது விதி, நோயாளியை அந்தப் பக்கம் தள்ளுகிற மாதிரி இருக்கலாமா?

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் இரைப்பையை அணுக வேண்டுமானால், அதன் மேலே கிடக்கும் ஈரலை ஒதுக்க வேண்டும். கொழுப்பு படிந்து பெருத்த ஈரலை ஒதுக்குவது கஷ்டம், ஆபத்தும்கூட. அதனால் ஆபரேஷனுக்கு முன் சில வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து ஈரலைச் சுருங்க வைக்கிறார்கள். உலகம் முழுக்க உள்ள வழக்கம் இது. தங்கையும் இருந்தாள். குழம்பு வாசம் வந்தால் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அட்மிஷன் அன்று எடை 78.5 கிலோ. பிஎம்ஐ கணக்குப் போட்டால் 34.9. விதியில் உள்ள 35-க்கு வெறும் 0.1 குறைவு. அட்மிஷன் அன்று தகுதி வரம்புக்குக் கீழே இருக்கிறார் என்று எழுதி மறுத்துவிட்டார்கள். ஆபரேஷன் பத்திரமாக நடக்க வேண்டும் என்று டாக்டர் கொடுத்த உணவுமுறை, ஆபரேஷனுக்கான பணத்தை இல்லாமல் ஆக்கியது. எந்த நாளில் எடுத்த எடையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று உங்கள் விதியில் ஒரு வார்த்தை இல்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு கம்பெனியும் தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்ள முடிகிறது.

இதே கம்பெனி பாலிசி கொடுக்கும்போது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ப்ரபோசல் ஃபாரத்தில் உயரம், எடை கேட்டிருந்தார்கள். அப்போது அவள் 74 கிலோ, பிஎம்ஐ 33-க்குக் கொஞ்சம் கீழே. எடை கூடுதல் என்று சொல்லி பிரீமியத்தில் லோடிங், அதாவது கூடுதல் தொகை, போட்டார்கள். நாங்கள் மறுபேச்சுப் பேசாமல் கட்டினோம். 33-ல் கூடுதல் காசு வாங்கும் அளவுக்கு ஆபத்தான உடம்பு, 36.9-ல் சிகிச்சைக்குத் தகுதி இல்லாத உடம்பாக எப்படி ஆகும்? லோடிங் வாங்குவதற்கு ஒரு அளவுகோலும் பணம் கொடுப்பதற்கு இன்னொரு அளவுகோலும் வைத்துக்கொள்ள நீங்கள் அனுமதித்திருக்கிறீர்கள்.

40, 35 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? 1991-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தொருமைக் கூட்டத்தின் அறிக்கையில் இருப்பவை அவை. லேப்ராஸ்கோப்பி பரவலாவதற்கு முந்தைய காலம். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த நாட்களின் ஆபத்தைக் கணக்கில் வைத்து, பெரும்பாலும் வெள்ளைக்கார நோயாளிகளின் அனுபவத்திலிருந்து எடுத்த எண்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அதே பிஎம்ஐயில் உடம்பில் கொழுப்பு அதிகம், குறிப்பாக வயிற்றுக்குள். சர்க்கரையும் இதய நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகின்றன. இதைப் பார்த்துத்தான் 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்காக 23, 27.5, 32.5, 37.5 என்ற எண்களையும் சேர்த்துக் கொடுத்தது. 2009-ல் இந்திய மருத்துவர்களின் கருத்தொருமை அறிக்கை, 25 வந்தாலே பருமன் என்றும், வேறு நோய் இருந்தால் 32.5-லும் இல்லாவிட்டால் 37.5-லும் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்றும் சொன்னது. உங்கள் விதி வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து.

விதி வந்த பிறகும் மருத்துவம் நிற்கவில்லை. 2022-ல் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து 1991-ன் எண்களையே கைவிட்டன. வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35-ல் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றார்கள். ஆசியர்களுக்கு 27.5-லேயே அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். எண்ணைக் கண்டுபிடித்த நாட்டின் மருத்துவர்களே விட்டுவிட்ட எண் எங்கள் பாலிசியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். மருத்துவ நெறிமுறைகள் ஆதரிக்க வேண்டும் என்று இரண்டாவது நிபந்தனையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி, நெறிமுறைகள் 32.5 என்கின்றன. நான்காவது நிபந்தனை 35 என்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. டாக்டர் நெறிமுறையைப் பார்த்து எழுதிக்கொடுக்கிறார், கம்பெனி எண்ணைப் பார்த்து மறுக்கிறது.

இந்த வித்தியாசம் எவ்வளவு என்று உயரம் குறைந்த ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். 150 சென்டிமீட்டர் உயரம் இருப்பவருக்கு 32.5 என்றால் 73 கிலோ. 35 என்றால் ஏறத்தாழ 79. 40 என்றால் 90 கிலோ. வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் வேலை பார்க்கிற ஒரு பெண் 90 கிலோ வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இதயம் கெட வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், பிஎம்ஐ 25-க்கு மேல் உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பேர், கேரளாவில் 38 பேர். நாடு முழுவதற்கும் எடுத்தால் 24. எல்லையின் இரண்டு பக்கமும் இது பெண்களின் பிரச்சினை. ஆனால் விதியில் உள்ள நான்கு நோய்களில் பெண்களை அதிகம் வாட்டுகிற நீர்க்கட்டியும் மூட்டுத் தேய்மானமும் இல்லை. ரத்த அழுத்தம் இல்லை. ஈரல் கொழுப்பு முற்றி நார்த்திசு ஆகிற நிலைகூட இல்லை. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு அதே பாலிசி பணம் கொடுக்கும், முழங்காலைத் தேய்க்கிற எடையைக் குறைக்கக் கொடுக்காது.

அறுவை இல்லாத வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும் என்ற வரியும் திருத்தப்பட வேண்டியதே. எத்தனை மாதம், எந்த வழி, எந்தக் காகிதம் என்று எதுவும் இல்லை. தங்கையிடம் கேள்விக்கு மேல் கேள்வியாக அனுப்பினார்கள். டயட்டீஷியன் கையெழுத்துப் போட்ட ஆறு மாதப் பதிவேடு வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் விடிகாலையில் கால்வாய் ஓரம் நடக்கிற பெண்கள், ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டு இரண்டு சப்பாத்தியோடு படுக்கிற பெண்கள், கொள்ளு ரசம் குடிக்கிறவர்கள் எல்லாம் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஓபி சீட்டில் எடையைக் குறைக்கச் சொல்லி எழுதியிருப்பதை ஆதாரமாக ஏற்கலாம். அதை ஏற்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால்தான் நடக்கும்.

இதில் புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் மௌன்ஜாரோ, வெகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. நல்ல மருந்துகள், பலருக்குப் பயன்படும். ஆனால் வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளும் ஊசிக்குச் சாதாரண ஹெல்த் பாலிசியில் பணம் கிடையாது. முதலில் ஊசி போட்டுப் பார்த்தாயா என்று நாளைக்குக் கம்பெனிகள் கேட்க ஆரம்பித்தால், மாதா மாதம் ஆயிரக்கணக்கில் கைக்காசைச் செலவழித்து அது பலிக்கவில்லை என்று நிரூபித்த பிறகுதான் ஆபரேஷன் என்று ஆகிவிடும். அந்த வழியை இப்போதே அடைத்துவையுங்கள்.

கைக்காசு என்று வந்துவிட்டதால் செலவைப் பற்றியும் சொல்கிறேன். தங்கையின் பில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. இந்த ஆபரேஷனில் விலை கூடின பொருள், இரைப்பையை வெட்டிக்கொண்டே தைத்துச் செல்லும் ஸ்டேப்ளர். ஒரு ஆளுக்குப் பல கார்ட்ரிட்ஜ்கள் தேவைப்படும், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அதற்கு முன்னால் எண்டோஸ்கோப்பி, எக்கோ, தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசனை என்று தனித்தனியாகக் கட்டியது வேறு. கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தோம், குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் தங்கை கடன் வாங்கினாள், தங்கையின் கணவர் கறவையில் இருந்த இரண்டு மாடுகளை விற்றார். பால் சொசைட்டியில் வாராவாரம் வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. பாலிசி ஐந்து லட்சத்துக்கு இருந்தது. அதற்கான பிரீமியத்தை அதே மாட்டுப் பால் காசில்தான் கட்டியிருந்தார்கள்.

க்ளெய்ம் ஒத்துக்கொள்ளப்பட்டவர்களும் தப்புவதில்லை. எங்கள் பள்ளியில் கூட வேலை பார்ப்பவரின் அண்ணனுக்கு பிஎம்ஐ 43. எந்தத் தடையும் இல்லாமல் அனுமதி வந்தது. ஆனால் பாலிசித் தொகை ஐந்து லட்சம் என்றாலும் இந்த ஆபரேஷனுக்கு மட்டும் உச்சவரம்பு இரண்டரை லட்சம் என்று உள்ளே எழுதியிருந்தது. ரூம் வாடகையில் இன்னும் ஒரு வெட்டு. ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வரை என்று பாலிசியில் இருந்து, ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறைதான் காலி என்றால், வாடகையில் மட்டும் பாதி போகாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாம் அதே விகிதத்தில் பாதியாகும். மருந்து, உபகரணம், பரிசோதனை ஆகியவற்றை இந்த விகிதக் கழிவில் சேர்க்கக் கூடாது என்று 2020-ல் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அது நல்ல உத்தரவு. டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் நிற்கிறவருக்கு அது தெரிவதில்லை, அவருக்கு யாரும் சொல்வதும் இல்லை. அந்த அண்ணன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு வந்தார். பருமனான நோயாளிக்கு அகலமான கட்டிலும் பக்கத்தில் ஆள் நிற்க இடமும் தேவை என்பதால் சின்ன அறை போதும் என்று சொல்லவும் முடியாது.

ஆபரேஷனோடு செலவு முடிவதும் இல்லை. இரைப்பை சுருங்கியவர்களுக்கு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுக்கத் தேவை. ஆரம்ப மாதங்களில் புரோட்டீன் பவுடர் வேண்டும். மூன்று மாதம், ஆறு மாதம், அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் ரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் எலும்புத் தேய்மானமும் வரும். பல பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் அல்லது 90 நாள் செலவுதான் கிடைக்கும். கம்பெனி பல லட்சம் கொடுத்துச் செய்த ஆபரேஷன் வீணாகாமல் இருக்க, வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனையைச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்கே லாபம்.

கம்பெனிகள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். வரம்பைக் குறைத்தால் எல்லோரும் அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்ள வருவார்கள், பிரீமியம் ஏறிவிடும் என்பார்கள். பிரீமியம் ஏறினால் எங்களுக்கும் கஷ்டம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியதில் எங்களைப் போன்றவர்கள் எவ்வளவு மூச்சு விட்டோம் என்று சொல்லி முடியாது. ஆனால் இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடி சாப்பிட்டு, ஆயுசுக்கும் மாத்திரை போடுகிற வாழ்க்கையை யாரும் அழகுக்காகத் தேடி வர மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவே தயங்குகிற நிலை அது. தோற்றத்தை மாற்றுவதற்கான அழகு சிகிச்சைகளை எக்ஸ்க்ளூஷன் 08-ல் தனியாக விலக்கியே வைத்திருக்கிறீர்கள். போதாததற்கு, பல பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு இரண்டு, மூன்று வருஷக் காத்திருப்புக் காலம் இருக்கிறது. இன்று பாலிசி எடுத்து நாளை ஆபரேஷன் செய்துகொள்ள யாராலும் முடியாது.

பலன் இருக்கிறதா என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வில் 150 சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். அவர்களுடைய பிஎம்ஐ 27-லிருந்து 43 வரை. அதாவது உங்கள் வரம்புக்குக் கீழே உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தது. ஸ்லீவ் செய்தவர்களில் 23 பேர், இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை ஆபரேஷன் செய்தவர்களில் 29 பேர். சர்க்கரையால் வரும் டயாலிசிஸுக்கும் ஆஞ்சியோவுக்கும் அதே கம்பெனிகள்தான் பிற்பாடு பணம் கட்டுகின்றன. அம்மாவுக்கு வாரத்தில் பல நாள் பாலக்காட்டுக்குப் போய்வந்த செலவைப் பார்த்த எங்களுக்கு இந்தக் கணக்கில் சந்தேகமே இல்லை. தங்கை இப்போது இன்சுலின் போடுவதில்லை.

எல்லையில் இருக்கிறவர்களின் சங்கடம் ஒன்றையும் சேர்க்கிறேன். பாலிசியின் முக்கிய விவரங்களைக் கொண்ட தகவல் தாளை, கேட்டால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் ஏஜென்ட் தமிழில் பேசி பாலிசி விற்கிறார், காகிதம் ஆங்கிலத்தில் வருகிறது, கேட்டால் மலையாளத்தில் தரலாம் என்கிறார்கள். சித்தூர் தாலுகாவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் படித்தவர்கள் இருக்கிறோம். 1969-ம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் எழுதிக்கொள்ள உரிமை தந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைப் பின்பற்றலாம். மாநிலத்தின் மொழி என்று இல்லாமல் பாலிசிதாரர் கேட்கும் மொழி என்று மாற்றுங்கள். நான்கு நோய்களும் 35 என்ற எண்ணும் அந்தத் தாளில் தமிழில் இருந்திருந்தால், அட்மிஷனுக்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் புகார் கொச்சியில் உள்ள, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் இருக்கிறது. அது அதன் வழியில் நடக்கட்டும், அதில் உங்களைத் தலையிடச் சொல்லவில்லை. ஓம்புட்ஸ்மன் அலுவலகம் காசில்லாமல், வக்கீல் இல்லாமல் விசாரிக்கிறது என்பதையும், மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போகலாம் என்பதையும் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஆனால் அவர்களும் நீங்கள் எழுதிய வாசகத்தை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். வாசகத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

எனவே கேட்கிறேன். வரம்பை இந்திய நெறிமுறைக்கு ஏற்ப, வேறு நோய் இருந்தால் 32.5 என்றும் இல்லாவிட்டால் 37.5 என்றும் முதல் கட்டமாகவாவது குறையுங்கள். கட்டுப்படாத சர்க்கரை என்பதை மாற்றி, இன்சுலினில் இருக்கிற அல்லது பல மருந்துகள் தேவைப்படுகிற டைப் 2 சர்க்கரை என்று எழுதுங்கள். நோய்ப் பட்டியலில் முற்றிய ஈரல் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் மூட்டுத் தேய்மானத்தையும் நீர்க்கட்டியையும் சேருங்கள். எடைக்குறைப்பு முயற்சிக்கு அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டு போதும் என்று சொல்லுங்கள். பாலிசித் தொகை முழுவதும் இருக்கும்போது இந்த ஒரு ஆபரேஷனுக்கு மட்டும் பாதி என்று வைக்கும் உச்சவரம்பை அனுமதிக்காதீர்கள். லோடிங் வாங்கிய எடைக்கே சிகிச்சைக்குத் தகுதி இல்லை என்று சொல்ல விடாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் நிபுணர் குழு வேண்டும், கம்பெனிகளோடு பேச வேண்டும், நாளாகும் என்று புரிகிறது. ஆனால் ஒன்றுக்கு எந்தக் குழுவும் தேவையில்லை. அறுவை சிகிச்சை தேவை என்று நிபுணர் முதலில் முடிவு செய்த நாளில் உள்ள எடையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும், ஈரலைச் சுருக்குவதற்கான உணவுமுறையில் குறைந்த எடையைக் காட்டி மறுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொன்னவர்கள் நீங்கள். இதையும் சொல்ல உங்களால் முடியும். இன்றைக்கும் கோவையிலோ கொச்சியிலோ யாரோ ஒருவர் அந்த உணவுமுறையில் இருந்துகொண்டு அட்மிஷன் தேதிக்காகக் காத்திருக்கிறார். அவருக்காக இதை முதலில் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரரின் அக்கா,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.